அடுப்பு இடம் மாறினால் சலுகை முடிய வேண்டும்

அமெரிக்க வீடுகளில் மின் அடுப்புக்குச் சுவரில் தனி சாக்கெட் இருக்கும். பேனலில் அதற்கென 40 அல்லது 50 ஆம்பியர் பிரேக்கர். பழைய வீடுகள் பலவற்றில் அந்த சாக்கெட்டுக்கு மூன்று துளைகள்தான். நம் ஊர் மூன்று முனை பிளக்கைப் பார்த்துப் பழகியவர்கள் மூன்றாவதை எர்த் என்றே நினைப்பார்கள். அது எர்த் அல்ல, நியூட்ரல். இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், அவ்வளவுதான். எர்த் ஒயருக்குப் பதிலாக, அடுப்பின் இரும்பு உடல் ஒரு சிறு உலோகப் பட்டையால் நியூட்ரலோடு சேர்க்கப்பட்டிருக்கும்.

இதில் உள்ள ஆபத்து எளிதில் கண்ணுக்குப் படாது. அடுப்பின் சூடேற்றும் சுருள்கள் இரண்டு ஃபேஸுக்கு இடையே 240 வோல்ட்டில் இயங்குகின்றன. அவற்றுக்கு நியூட்ரல் தேவையில்லை. கடிகாரத்துக்கும் ஓவனுக்குள் எரியும் விளக்குக்கும் மட்டும் 120 வோல்ட் போதும், அதற்கு நியூட்ரல் வேண்டும். சாக்கெட்டில் நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்து தொடர்பு அறுந்தால், விளக்கின் வழியே வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அடுப்பின் உடலில் நிற்கும். சுருள்கள் வழக்கம்போல் சூடாகும், சமையலும் நடக்கும். விளக்கு எரியவில்லை என்பது மட்டுமே அறிகுறி. அந்த நேரத்தில் ஒரு கை அடுப்பிலும் மறு கை தண்ணீர்க் குழாயிலும் பட்டால் மின்சாரம் மார்பின் குறுக்கே பாயும். பிரேக்கர் விழாது, உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம் அதை அசைக்கப் போதாது.

இந்த ஏற்பாட்டை அனுமதித்தது அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு. 1897இல் முதன்முதலாக வெளியான இதை இப்போது தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது செம்பு போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால், எர்த் ஒயரைத் தவிர்த்து நியூட்ரலையே அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சலுகை தந்தார்கள். போர் 1945இல் முடிந்தது. சலுகை 1996 பதிப்பு வரை நீடித்தது. இத்தனைக்கும், இடம்பெயர்க்கக்கூடிய வீடுகளுக்கு இந்தச் சலுகை முன்பே மறுக்கப்பட்டிருந்தது. ஆபத்து தெரியாமல் நடந்த காரியம் அல்ல இது.

1996க்குப் பிறகு போடப்படும் புதிய சர்க்யூட்டுக்கு நான்கு ஒயர் கட்டாயம். ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்யூட்டுகளுக்கு விதித்தொகுப்பின் 250.140 விதி இன்னும் இடம் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: சாக்கெட் பெட்டியில் எர்த் ஒயர் இருக்கக் கூடாது, நியூட்ரல் குறைந்தது 10 கேஜ் செம்பாகவோ 8 கேஜ் அலுமினியமாகவோ இருக்க வேண்டும், அது உறையற்றதாக இருந்தால், வீட்டுக்கு மின்சாரம் நுழையும் முதன்மைப் பேனலிலிருந்தே எஸ்.இ. (சர்வீஸ் என்ட்ரன்ஸ்) கேபிளாக வந்திருக்க வேண்டும். பலர் கவனிக்காதது இந்தக் கடைசி நிபந்தனை. வீட்டைப் புதுப்பிக்கும்போது முதன்மைப் பேனலை வேறிடத்துக்கு மாற்றி, பழையதைத் துணைப் பேனல் ஆக்கிவிட்டால், அடுப்பின் ஒயரைத் தொடாமலேயே சலுகை போய்விடும்.

சிக்கல் வருவது அடுப்பை நகர்த்தும்போது. சமையலறையை மாற்றிக் கட்டுகிறார்கள். அடுப்பு பத்தடி தள்ளிப் போகிறது. பழைய ஒயரின் முனையில் ஜங்ஷன் பெட்டி வைத்து நீட்டுகிறார்கள். நீட்டியது பழைய சர்க்யூட்டா, புதியதா? ஒப்பந்தக்காரர் பழையது என்பார், ஆய்வாளர் புதியது என்பார். என் பார்வையில் ஆய்வாளரே சரி. இருப்பதை உடைக்கச் சொல்வது வீட்டுக்காரருக்குப் பாரம் என்பதால்தான் சலுகையே தந்தார்கள். சுவரைத் திறந்து புது ஒயர் இழுக்கும் நாளில் அந்தக் காரணம் இல்லாமல் போகிறது.

செலவு அதிகம் என்ற வாதமும் முழுமையாக நிற்காது. பழைய கேபிள் முழுவதையும் பிடுங்க வேண்டியதில்லை. அதன் நியூட்ரல் உறையுள்ளதாக இருந்தால், 250.130(சி) காட்டும் வழியில் தனி எர்த் ஒயர் ஒன்றைப் பேனலின் எர்த் பட்டைக்கு இழுத்துச் சேர்த்தால் போதும். நியூட்ரல் உறையற்றதாக இருந்தால்தான் கேபிளையே மாற்ற வேண்டிவரும். சிலர் இதற்குக் குறுக்குவழியாகத் தோட்டத்தில் ஒரு கம்பியை அடித்து அதோடு அடுப்பை இணைக்கிறார்கள். அது பயன்படாது. அந்தக் கம்பிக்கு 25 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 120 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர்கூடப் பாயாது. 50 ஆம்பியர் பிரேக்கர் அப்படியே நிற்கும், அடுப்பின் உடலும் மின்சாரத்தோடு நிற்கும். மண் நல்ல கடத்தி அல்ல. பழுதான மின்சாரம் பேனலுக்கே திரும்பி வர ஒயர் வேண்டும். நான்கு முனை பிளக் பொருத்தியவர்கள் அடுப்பின் பின்னால் உடலை நியூட்ரலோடு சேர்க்கும் பட்டையைக் கழற்றவும் மறக்கக் கூடாது; கழற்றாவிட்டால் நியூட்ரல் மின்னோட்டம் எர்த் ஒயரிலும் ஓடும்.

பல்லாண்டுகளாக லட்சக்கணக்கான அடுப்புகள் இப்படியே ஓடியிருக்கின்றனவே என்று கேட்கலாம். தடித்த நியூட்ரல் எளிதில் அறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வாதம் அசையாமல் கிடக்கும் ஒயருக்குத்தான் பொருந்தும். ஒயர்கள் அறுவதும் தளர்வதும் பெரும்பாலும் இணைப்புகளில்தான். நீட்டும் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் புதிதாக ஓர் இணைப்பு சேர்கிறது, அதுவும் பழைய அலுமினியமும் புதுச் செம்பும் சேரும் இடத்தில் தளர்வது இன்னும் எளிது.

ஆகவே அடுத்த திருத்தத்தில் 250.140இல் ஒரே ஒரு வாக்கியம் சேர்ந்தால் போதும்: நீட்டப்பட்ட அல்லது இடம் மாற்றப்பட்ட சர்க்யூட்டுக்கு இச்சலுகை பொருந்தாது. அதுவரை மாநிலங்களும் நகரங்களும் விதித்தொகுப்பை ஏற்கும்போது தாங்களே இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அதிகாரம் அவர்களிடமே இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் வேறு மாநிலங்களிலும் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள், விலை பேசும் முன் வீட்டு ஆய்வாளரிடம் அடுப்பை வெளியே இழுத்து அதன் சாக்கெட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்.