உருமி அடிக்கிற பிள்ளையை விரட்டாதீர்கள்



சென்ற வாரம் கிள்ளானில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். முப்பது வருசத்துக்கு மேல் பால் வெட்டியவர். "மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டேன். "பேக்டரி வேலைங்க" என்றார். கூட வந்த சம்சாரம் சும்மா இராமல், "ராத்திரி ஆனா உருமி மேளம்" என்று சொல்லிவிட, மனுசர் முகம் சுருங்கிவிட்டது. "சொன்னா கேக்க மாட்டேங்கிறான்யா. ரவுடிப் பேரு வாங்காம இருந்தா சரி" என்றார்.

பையன் திருடவில்லை, குடிக்கவில்லை. மேளம் வாசிக்கிறான். இதற்கா தலைகுனிவு?

உருமி லேசுப்பட்ட வாத்தியம் அல்ல. இடை சிறுத்த அந்த மேளத்தின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தை இன்னொரு குச்சியால் அடிக்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும்போதுதான் அந்த உறுமல் பிறக்கும். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து இது. மாரியம்மன் திருவிழா, முனியாண்டி பூசை எதுவானாலும் உருமியும் பம்பையும் தவிலும் இல்லாமல் நடந்ததுண்டா? பெரட்டுக்களத்தில் மண்டோர் முன்னால் கைகட்டி நின்றவன், தீமிதி அன்று உருமியைத் தோளில் மாட்டிவிட்டால் கிராணியே ஒதுங்கி வழிவிடுவார். வருசத்தில் அந்த ஒரு நாள் அவன் ராஜா.

பிறகு தோட்டங்களே போய்விட்டன. 1995-ல் புத்ராஜெயா கட்டத் தொடங்கிய பிறகு, பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டத்து சனங்கள் வெளியேறினார்கள். பலர் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ. லயத்துத் திண்ணை போனது, நாடக மேடை போனது, பாட்டிமார் தாலாட்டும் அவர்களோடு போனது. பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாத பிளாட்டுக்கு நம்மோடு கூடவே வந்தது உருமி ஒன்றுதான். ஏன் என்றால் அதற்குப் பீஸ் கட்ட வேண்டாம். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பத்துப் பையன்கள் சேர்ந்தால் ஒரு குழு.

பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் என்னும் நுண்கலைக் கோயில் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-ல் தொடங்கியது. பரதமும் சங்கீதமும் அங்கே கற்றுத் தேறியவர்கள் ஏராளம். மெச்ச வேண்டிய பணி. பிள்ளையை அங்கே சேர்த்த தாய் அதைப் பெருமையாகச் சொல்கிறாள், சொல்லட்டும். ஆனால் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற தாய், சாயங்காலம் கேரித்தீவிலிருந்து பஸ் ஏறிப் பிள்ளையைப் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப்போய்த் திரும்ப முடியுமா? அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது உருமி. பரதம் என்றால் பெருமை, உருமி என்றால் இளக்காரம். உள்ளதைச் சொன்னால், தோல் தொட்டவன் தாழ்ந்தவன் என்று கப்பலில் ஏற்றி வந்த சாதி அழுக்கு இன்னும் நம்மிடம் போகவில்லை.

புகார்கள் எல்லாம் பொய் என்று நான் வாதாட வரவில்லை. பத்துமலையில் காவடிக்கு முன்னால் சினிமா டப்பாங்குத்து வாசிப்பதைக் கேட்டு எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. தண்ணி போட்டுவிட்டு வாசிப்பது அதைவிடக் கேவலம். அதற்காக எல்லாப் பையன்களையும் விரட்டினால் எங்கே போவார்கள்? சஞ்சய் குமார் பெருமாள் 2015-ல் எடுத்த 'ஜகாட்' படத்தைப் பாருங்கள். படி, படி என்று தகப்பன் அடிக்கிறான். துறுதுறுப்பான மகனுக்கோ குண்டர் உலகத்தின் மேல்தான் கண். நம் வீட்டுக் கதைதான்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு சாயங்காலம் மண்டபத்தைப் பையன்களுக்குத் திறந்துவிடுங்கள். மாரியம்மன் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். அவர்களைக் கூட உட்கார வையுங்கள். பழைய பாட்டு கிடைத்தால் பையன்கள் ஏன் சினிமாப் பாட்டைத் தேடிப் போகிறார்கள்? குடித்துவிட்டு வருகிறவனை வெளியே அனுப்புங்கள். அதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டோம்.

கிள்ளான் பெரியவரிடம் கடைசியாக, "மகன் வாசித்து நீங்கள் கேட்டதுண்டா?" என்றேன். இல்லை என்றார். வருகிற ஆடித் திருவிழாவில் அவன் குழு வாசிக்கிறதாம். போய் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போனாரா என்று அந்த அம்மாவிடம்தான் விசாரிக்க வேண்டும்.