உங்களைப் பார்க்க ஒரு கண் வேண்டும்!



ஜூன் 21-ந் தேதி வந்தால், பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்று யோகா செய்கிறோம். புகைப்படம் எடுக்கிறார்கள். கைதட்டுகிறார்கள். மறுநாள்? பாய் சுருட்டப்பட்டுப் பரண் மேல் ஏறிவிடுகிறது! அடுத்த ஜூன் மாதம்தான் அதற்கு மறுபடி வேலை.

ஐக்கிய நாடுகள் சபை 2014-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி இந்த நாளை அறிவித்தது. 2015 முதல் உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள். ஆனால் யோகா ஒரு நாள் கூத்து அல்லவே! தினமும் பல் துலக்குவது போல, தினமும் செய்தால்தான் பலன்.

"எங்கள் ஊரில் சொல்லித் தர ஆள் இல்லையே, செல்போனில் பார்த்துக் கற்கலாமா?" என்று உங்களில் பலர் கேட்கலாம். கற்கலாம். நானே அப்படித்தான் கற்றேன். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2020-ம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா? கொரோனா வந்து பள்ளிகளை எல்லாம் மூடிய ஆண்டு. அந்த வருடம் யோகா நாளைக்கூட 'வீட்டிலேயே யோகா, குடும்பத்தோடு யோகா' என்றுதான் கொண்டாடினார்கள். நான் திண்டிவனத்தில், என் பேத்தி விழுப்புரத்தில். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தோம். காலை ஆறு மணிக்குத் திரையில் "வணக்கம் தாத்தா!" என்பாள். எனக்கு அன்றைய பொழுதே இனித்துவிடும்.

வகுப்பில் எங்களோடு நாற்பது பேர். திரையில் ஒவ்வொருவரும் தபால் தலை அளவுதான் தெரிவோம். ஆசிரியை பொறுமையாக எளிய ஆசனங்களில் தொடங்கினார். என் பேத்திக்கோ அவசரம்! நான்காம் நாள், வேறொரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். அதில் ஒருவர் தலைகீழாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இவளும் சுவரோரம் தலையணையைப் போட்டுத் தலைகீழாக நின்றாள். மூன்று விநாடிதான். 'தொப்'பென்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம், யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பித்தான் பார்த்தாள்!

நல்லவேளை, அதோடு போயிற்று. கழுத்து எலும்பில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதில் எனக்கும் பங்கு உண்டு. முதல் நாள் மாலை "தாத்தா, நான் சிரசாசனம் செய்யப் போகிறேன்" என்று போனில் சொன்னாள். நானும் ஏதோ ஞாபகத்தில் "சபாஷ்!" என்று சொல்லிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

அவள் விழுந்தபோது அந்த வீடியோக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தொடர்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. இவள் விழுந்தது அவருக்குத் தெரியாதே! திரை நமக்குக் காட்டும். ஆனால் நம்மைப் பார்க்காது.

நான் பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி உங்கள் முகங்களைப் பார்ப்போம். யாருக்குப் புரிந்தது, யார் விழிக்கிறார்கள் என்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். எழுதிப் போடுவது பாதி வேலை என்றால், திரும்பிப் பார்ப்பது மறு பாதி. யோகாவுக்கும் இது பொருந்தும்.

பி.கே.எஸ். ஐயங்காரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1918-ல் கர்நாடகாவில் உள்ள பெள்ளூரில் பிறந்தவர். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வாட்டியதில் நோஞ்சானாக இருந்தார். மைசூரில் தம் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகா கற்று உடம்பைத் தேற்றினார். பிறகு உலகமே வியக்கும் ஆசிரியரானார். குனிய முடியாதவர்களுக்கு மரக்கட்டை, நாற்காலி, கயிறு எல்லாம் கொடுத்து ஆசனம் செய்ய வைத்தார். அவரவர் உடம்பைப் பார்த்து, அதற்கேற்ற உதவியைத் தந்தார்.

அந்தக் கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தவர். நூறு வயது கண்டவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லித் தரக் கூடாது. வயது, உடல்நிலை பார்த்துத்தான் சொல்லித் தர வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

நம் கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியோ வீட்டிலேயே யோகா கற்றவர். சிறுமியாக இருந்தபோதே குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல் 99-வது வயதில் மறையும் வரை யோகாவே அவர் வாழ்க்கை. ஆக, வீட்டில் கற்பது குறை இல்லை. அவர் கற்றபோது பக்கத்தில் பார்க்க ஆள் இருந்தார்கள். அதுதான் முக்கியம்!

அதனால், ஆன்லைனில் தொடங்குகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

அம்மா, அப்பாவிடம் சொல்லி, அவர்கள் மூலமாகவே வகுப்பில் சேருங்கள். பதிவு செய்த வீடியோவைவிட, ஆசிரியர் நேரலையில் பார்த்துத் திருத்துகிற வகுப்பு நல்லது. தலை முதல் கால் வரை தெரியும்படி செல்போனைத் தள்ளி வையுங்கள். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தாலோ, ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஆசிரியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவரைக் 'கண்காணிப்பாளர்' ஆக்குங்கள். பாட்டி, அண்ணன், யாராக இருந்தாலும் சரி. "முதுகு வளைகிறதா? மூச்சை அடக்குகிறேனா?" என்று கேளுங்கள். யோகா தெரியாதவர்கூட இதைப் பார்த்துச் சொல்ல முடியும்.

சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. மூன்று மணி நேரமாவது போகட்டும். காலை வெறும் வயிறு மிக நல்லது. டைல்ஸ் தரையில் பாய் வழுக்குகிறதா என்று முதலில் காலால் தள்ளிப் பாருங்கள்.

தாடாசனம், விருட்சாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம், கடைசியில் சவாசனம். தொடக்கத்துக்கு இவை போதும். விருட்சாசனத்தில் பாதத்தை முழங்கால் மூட்டின் மேல் வைக்காதீர்கள். மூட்டுக்கு மேலேயோ கீழேயோ வையுங்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மூச்சை அடக்கும் பயிற்சிகள்... இவை எல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். வலித்தால் உடனே நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்ற வீம்பு வேண்டாம்.

வீட்டில் செல்போன் இல்லையா? கவலை வேண்டாம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கு இரண்டு கண்களும் இருக்கின்றன, நெட்வொர்க்கும் போகாது!

திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்றுதான் விழுப்புரம் வரும். நடுவில் எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் கட்டாயம் ஊர் வந்து சேரும். யோகாவும் அப்படித்தான்.

என் பேத்தி கழுத்து சரியானதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எதிரே நாற்காலி போட்டு அவள் பாட்டி உட்கார்ந்துகொண்டார். விருட்சாசனத்தில் முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் ஆடினாள். ஒரு மாதத்தில் முப்பது வரை மரம் போல நின்றாள். இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். இன்றும் நிறுத்தவில்லை. சிரசாசனம்? பின்னாளில் ஓர் ஆசிரியை அருகில் நிற்க, முறையாகக் கற்றுக்கொண்டாள்.

சரி, பரண் மேல் இருக்கும் பாயை எடுங்கள். நாளைக் காலை பத்தே நிமிடம். தொடங்கும் முன், "என்னைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். யார் கண்டார்கள், பார்க்க வந்தவரும் பக்கத்தில் பாய் விரித்துவிடலாம்!