தண்ணியில பைக் ஓடுமா? பர்ஸ்தான் காலியாகும்!

மங்களூர்ல இருந்து விருத்தாசலம் செராமிக் வேலைக்கு தினமும் பழைய பைக்ல போறவருக்கு பெட்ரோல் செலவு வலிக்கும், ஒத்துக்கறேன். அதுக்காக வீட்லயே ஹைட்ரஜன் கிட் செஞ்சு மாட்டலாமான்னா, என் பதில்: வேண்டாம் பாஸ்.

தண்ணியைப் பிரிக்க கரண்ட் வேணும். கரண்ட் பேட்டரியில இருந்து, பேட்டரிக்கு சார்ஜ் இன்ஜின்ல இருந்து, இன்ஜினுக்கு அதே பெட்ரோல்! ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் வெப்பமா வீணாகும். 14% வட்டிக்கு பர்சனல் லோன் வாங்கி 7% எஃப்டி-ல போடற கதைதான்.

காத்துல 4% ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டா பத்திக்கும். இந்த கிட்ல ஆக்சிஜனும் சேர்ந்தே வரும். பபுளர், ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் எல்லாம் போட்டா ஆபத்து குறையலாம், மைலேஜ் கணக்கு மாறாது. ஆர்டிஓ அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கல்.

1996-ல ராமர் பிள்ளையோட மூலிகை பெட்ரோலை நாடே நம்புச்சு. 2016-ல சென்னை கோர்ட் அவருக்கு 3 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்துச்சு.

கிட் காசுல ஏர் ஃபில்டர், பிளக், செயின் பாருங்க. டயர்ல காத்து செக் பண்ணுங்க, அது ஓசிதான்.