ஊசி முனையில் உலரும் வர்ணம்

மாதிரி விமானங்களுக்கு ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையால் வர்ணந் தெளிக்கும் மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. முதற் சில நிமிடங்கள் சீராகத் தெளிக்கும் கருவி பின்னர் திணறுகின்றது. விசையை இன்னும் பின்னுக்கு இழுத்தாலோ, இரண்டு வாரமாக ஒட்டித் தேய்த்து மெருகிட்ட இறக்கையின் மீது பெருந் துளியொன்றைத் துப்பிவிடுகின்றது. கருவி பழுதென்று பலர் மனமுடைந்து அதனை மூலையில் வைத்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது பழுதன்று.

நிகழ்வது யாதெனில், நொசில் என்னும் நுண்துளையினின்றும் ஊசியின் நுனி சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனைச் சூழ்ந்து காற்று விரைந்து பாயும். கொடியிலிட்ட ஈரவேட்டி சோளகக் காற்றில் எத்துணை விரைவில் உலர்கின்றது! நுனியில் ஒட்டிய வர்ணத்துக்கும் அதே கதிதான். நொசிலின் துளையோ 0.3 மில்லிமீற்றர் அளவினது. சிறு படலமும் வழியை மறிக்கப் போதும். நீரிற் கலந்த வர்ணந்தானே, நீர்விட்டாற் கழன்றுவிடும் என எண்ணுதல் கூடாது. அக்கிரிலிக் உலர்ந்து படலமானபின் நீருக்கு மசியாது.

இவ்வேளையிற் பலர் செய்வது கொம்பிரசரின் அமுக்கத்தைக் கூட்டுவதே. நோயை வளர்க்கும் மருந்து இது! காற்று மிகுந்தால் உலர்தலும் மிகும். வர்ணத்தைப் பாலின் பதத்துக்கு நீர்க்கச் செய்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அமுக்கத்திற் தெளித்துப் பார்த்தலே நன்று. உலர்தலைத் தாமதிக்கும் ரிடார்டர் திரவத்தில் ஓரிரு துளி சேர்க்கலாம். மிகையானால் வர்ணம் மாதிரியின் மீதும் உலராது பிசுபிசுக்கும். தின்னர் அந்தந்த வர்ணத்துக்கு உரியதாயிருத்தல் வேண்டும். மதுசாரம் சில வர்ணங்களுக்கு உகந்தது. வேறு சிலவற்றைத் தயிர்போல் திரைத்துவிடும்.

எவ்வளவு கவனித்தாலும் நுனியிற் சிறிது படியவே செய்யும். ஆதலாற் சில நிமிடத்துக்கொரு முறை, தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நுனியை வெளிப்புறமாக மெல்லத் துடைத்து, கழிவுக் கடதாசியிற் தெளித்துப் பார்த்தபின்னரே மாதிரியிடம் திரும்புக. தெளிப்பை நிறுத்துகையில் முதலில் வர்ணத்தையும் அதன்பின் காற்றையும் நிறுத்துக. வர்ணமின்றிக் காற்றை மட்டும் நெடுநேரம் ஊதவிடுதலும் ஆகாது.

இத்தனை செய்தும் குறை நீங்காவிடின் ஊசியைக் கழற்றி வெளிச்சத்திற் பாருங்கள். வளைந்த நுனியில் வர்ணம் எளிதிற் பற்றும். நொசிலுக்குள் குண்டூசியை நுழைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுக. துளை விரிந்தாற் புதிய நொசில் வாங்குவதன்றி வேறு வழியில்லை. தின்னரில் ஊறவைத்தாலே போதும், ஓரிரவு கழித்துப் படலம் இளகிவிடும்.