வாசலில் காத்திருக்கும் அம்மாக்களே, உள்ளே வாருங்கள்!



பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன எங்கள் பாளையங்கோட்டையில், சாயங்காலமானால் வெள்ளை உடுப்பும் கலர் பெல்ட்டுமாகப் பிள்ளைகள் கராத்தே வகுப்புக்குப் போவதைப் பார்க்கலாம். பையன்களோடு பெண் பிள்ளைகளும் போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஓர் ஆதங்கமும் உண்டு. ஆறாவது, ஏழாவது படிக்கிறவரை துள்ளிக்கொண்டு வரும் பெண் குழந்தைகளில் பலர், பெரியவளானதும் நின்றுவிடுகிறார்கள்.

"வயசுக்கு வந்த பிள்ள காலைத் தூக்கி உதைச்சா பாக்க நல்லாவா இருக்கும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நாமும் 'எதுக்கு வம்பு' என்று பெல்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். தம்பி மட்டும் தொடர்ந்து போகிறான். கூட்டமான பஸ்ஸிலும், டியூஷன் விட்டு இருட்டில் வரும் வழியிலும் தற்காப்பு யாருக்கு அதிகம் தேவை? தம்பிக்கா, அக்காவுக்கா?

உடுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். கை, கால் மூடிய தொளதொள உடுப்புதான். உள்ளே ஒரு டி-ஷர்ட் போட்டுக்கொண்டால் போதும். மாதவிலக்கு நாட்களில் முடியாவிட்டால் ஓய்வு எடுக்கட்டும். அதற்காக வகுப்பையே நிறுத்துவானேன்?

கராத்தே என்றால் சினிமா சண்டை என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஒகினாவா தீவில் பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி என்பவர்தான் 1922-ல் டோக்கியோவில் இந்தக் கலையைச் செய்து காட்டி, ஜப்பான் முழுக்கப் பரவ வழி செய்தவர். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே வணக்கம்தான். வணங்கித் தொடங்கி, வணங்கி முடிக்க வேண்டும். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது அடுத்த பாடம். இதைவிட நல்ல பழக்கம் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் மனைவியைப் பற்றி அவரே தன் வரலாற்றில் எழுதியிருப்பது நம் போன்ற இல்லத்தரசிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டு வேலை செய்து களைத்துப்போன நாட்களில் அந்த அம்மாள் படுத்துவிட மாட்டாராம். வெளியே போய் கராத்தே பயிற்சி செய்வாராம்! அக்கம்பக்கத்துச் சண்டைகளையும் பேசியே தீர்த்து வைப்பாராம்.

"இனிமே எனக்கெதுக்கு, மூட்டு வலிக்கே நேரம் சரியா இருக்கு" என்கிறீர்களா? டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-ல் நடந்தது) கராத்தே 'கட்டா' பிரிவில் பெண்களுக்கான தங்கப் பதக்கம் வாங்கிய ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. நாம் பதக்கம் வாங்க வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, குனிந்து நிமிரப் பழகினால் போதும். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் காத்திருக்கிறோமே, அந்த நேரம் நம்முடையதுதானே!

எனக்கு இந்தக் கலையில் ரொம்பப் பிடித்தது, அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து போடும் சத்தம். 'கியாய்' என்கிறார்கள். "பொட்டப் பிள்ள சத்தம் போட்டுப் பேசாதே" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த நம் வீடுகளில், குரலை உயர்த்தவும் ஒரு பயிற்சி வேண்டித்தான் இருக்கிறது. யாராவது தப்பாகத் தொட்டால் கத்தணும், கையை உதறிவிட்டு ஓடணும், வீட்டில் வந்து மறைக்காமல் சொல்லணும். உதை, குத்து எல்லாம் அதற்கப்புறம்தான். அம்மாவும் கூடவே நின்று கத்திப் பழகியிருந்தால், மகள் அவளிடம் எதையும் தயங்காமல் சொல்வாள்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தர சமக்ர சிக்ஷா திட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் நடக்கிறதா என்று கேளுங்கள். தனியார் வகுப்பில் சேர்ப்பதானால் சிலவற்றை விசாரியுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணாவது இருக்கிறாரா? சிறு பிள்ளைகளை ஓங்கி அடிக்க விடாமல் கவனிக்கிறார்களா? ஒவ்வொரு பெல்ட் பரீட்சைக்கும் எவ்வளவு கட்டணம்? கதவைச் சாத்திக்கொண்டு நடத்துகிற வகுப்பும், மாசாமாசம் புது பெல்ட் தருகிற வகுப்பும் நமக்கு வேண்டாம்.

"நம்ம சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் கலை எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சிலம்பமே கற்றுக்கொடுங்கள். எதுவானாலும், பெரியவளானாள் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்!

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.