சடங்கு மட்டும் போதுமா?



மகள் வயசுக்கு வந்துவிட்டால் மாசாய் வட்டாரத்தில் நாம் எந்தக் குறையும் வைப்பதில்லை. மாமன் சீர், மஞ்சள் நீர், பந்தல், விருந்து என்று கடன் வாங்கியாவது செய்துவிடுகிறோம். அதை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், "இனி உன் உடம்பு மாறும், மனசும் அலையும், பயப்படாதே" என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்கிறோமா? மகனுக்கோ சடங்கும் இல்லை, சொல்லித் தருவாரும் இல்லை. குரல் உடைந்தால் கேலி, எதிர்த்துப் பேசினால் அடி. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார் பலர் சொல்வது ஒன்றுதான். "டிரசர் ஐயா, நல்லாத்தான் இருந்தான். இப்போ எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். யாரோ என்னமோ செஞ்சிட்டாங்க போலிருக்கு."

செய்வினையும் இல்லை, பேயும் இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. பெண்பிள்ளைக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மூளை அதற்குக் கட்டளை இடுகிறது. அது இரத்தத்தில் அனுப்பும் ஹார்மோன்களால் பெண்ணின் சூலகமும் ஆணின் விதைகளும் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஈஸ்ட்ரோஜென், டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. இவை உடம்பை வளர்ப்பதோடு நிற்பதில்லை, மூளைக்கும் போகின்றன. கோபம், பயம், ஆசை இவற்றைக் கிளப்பும் பகுதி முதலில் முறுக்கேறுகிறது. "பொறு, யோசி" என்று அடக்கும் நெற்றிப் பக்கத்து மூளை முழுதாக முதிர 25 வயது வரை ஆகும். லோரியில் எஞ்சின் ஓடுகிறது, பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

தூக்கத்தையும் பாருங்கள். தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாமோ பெரட்டுக்குப் புறப்பட விடியுமுன் விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்பிவிட்டு, பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம்! மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் எரிச்சலும் அழுகையும் வருவது பல பெண்களுக்கு உண்டு. இரும்புச் சத்தும் குறைந்தால் சோர்வு இன்னும் கூடும். முருங்கைக்கீரை, நெத்திலி, முட்டை, பருப்பு கொடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். அது இரும்புச் சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும்.

அதற்காக எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் தப்பு. நம் பிள்ளைகளுக்கு உடம்பு மாறுகிற அதே சமயத்தில் பள்ளியும் மாறுகிறது. ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, 13 வயதில் இடைநிலைப்பள்ளியில் மலாயில் பாடம் கேட்கிறது. கூட்டாளிகள் பிரிந்து போகிறார்கள். வீட்டில் குடிச் சண்டை வேறு. இத்தனையும் ஒரு பிஞ்சு மனசு தாங்குமா?

2022இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. பருவக் கோபம் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை சிரிக்காமல், சாப்பிடாமல், கூட்டாளிகளோடு சேராமல் இருந்தால் அது வேறு. "செத்துப் போறேன்" என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. புல் மருந்தை வீட்டில் வைக்க வேண்டாம். மாசாய் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். 15555 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். "தம்போய்க்கு அனுப்பணும்" என்று கேலி பேசும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அந்த ஆஸ்பத்திரியும் வைத்தியம் பார்க்கும் இடம்தான். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் நோயை மறைக்கிறார்கள்.

சடங்குக்கு நாள் குறிக்கும்போதே தாயோ அத்தையோ அந்தப் பெண்ணோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசட்டும். அப்பன்மார்களே, மகனுக்கு மீசை அரும்பும்போது நீங்களும் பேசுங்கள். பிரம்பை எடுக்காதீர்கள். கிளைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிளைக் கூட்டத்தில் சம்பளம், போனஸ் பேசி முடித்தபின் இதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்குங்கள். விளக்கிச் சொல்ல நான் வருகிறேன்.