சாட்சியை உடைக்கலாமா?

தோழர்களே! 2003 டிசம்பர் 15. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே விமானக் காட்சிசாலை ஒன்று திறக்கப்படுகிறது. அங்கே பளபளவென்று துலக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது ‘எனோலா கே’. எந்த விமானம் அது? 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய அதே விமானம்! அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 உயிர்களைக் குடித்த குண்டு. விமானத்துக்கு ஓட்டியவர் சூட்டிய பெயர் தம் தாயின் பெயர். தாயின் பெயர்!

முன்னே வைத்த பலகையில் என்ன எழுதினார்கள்? எத்துணை நுட்பமான விமானம் என்ற பெருமை இருந்தது. குண்டு வீசியது என்பதும் ஒரு வரி இருந்தது. மாண்டவர் எத்தனை பேர்? அது மட்டும் இல்லை. எழுதுங்கள் என்று கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். 1995-இலேயே, ஹிரோஷிமாவின் துயரத்தையும் சேர்த்துக் காட்ட இருந்த கண்காட்சி, பழைய படைவீரர் சங்கங்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. காட்சிசாலை இயக்குநர் பதவியை விட்டே விலக நேர்ந்தது.

ஆகவே திறப்பு நாளன்று ஜப்பானிலிருந்து வந்தார்கள், குண்டுக்குத் தப்பிய முதியவர்கள். கைகளிலே கருகிய மக்களின் படங்கள். அந்த வேளையில் ஒரு புட்டி பறந்தது. சிவப்புச் சாயம்! விமானத்தின் தகட்டில் பள்ளம் விழுந்தது. இருவர் கைது. அன்றைய செய்தியில் பள்ளமும் கைதும் முந்திக்கொண்டன. படம் ஏந்திய கைகள் பின்னுக்குப் போயின.

வீசியவரின் கோபம் பொய்க்கோபமா? இல்லை. ஆனால் கொலைக்கத்தி நீதிமன்ற மேசையில் இருக்கும்போது, செத்தவனின் தம்பி பாய்ந்து அதை முறித்தால் மகிழ்கிறவன் யார்? அந்த விமானம் சாட்சி, தோழர்களே! பொய் பேசியது பலகை.

திருப்பூர்த் தோழனுக்கு இதை விளக்கவா வேண்டும்? 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எண்ணிப் பாருங்கள்: வாசலில் நிற்கிறோம்; எவனோ விட்ட கல் பனியன் கம்பெனிக் கண்ணாடியில் படுகிறது. அதுவரை பதில் சொல்ல வேண்டியவன் முதலாளி. கல் விழுந்த நொடியிலிருந்து பதில் சொல்ல வேண்டியவன் தொழிலாளி! (விட்டவன் சில சமயம் நம் ஆளே அல்ல என்பது வேறு கதை.) அப்புறம் பேச்சுவார்த்தையில் முதல் அரைமணி கண்ணாடிக்கே போய்விடும், பஞ்சப்படி மூலையில் உட்கார்ந்திருக்கும்.

குண்டுக்குத் தப்பியவர்கள் 1956-இல் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். கண்டதை, பட்டதை, நாடு நாடாகச் சென்று சொன்னார்கள். 68 ஆண்டு கழித்து, 2024-இல், அமைதிக்கான நோபல் பரிசு அந்தச் சங்கத்துக்கு வந்தது. ‘எனோலா கே’ இன்னும் அதே காட்சிசாலையில்தான் நிற்கிறது.